கோபுரத்து அம்மையார் சிலைக்கு உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

நம் கோயில் ராஜகோபுரத்தின் இரண்டாம் நிலையில், தெற்கு முகத்தில், ஆடவல்லானின் (நடராஜரின்) திருவடிக்குக் கீழே உட்கார்ந்து தாளம் போடும் சுதை (சுண்ணாம்புக் காரை) உருவம் காரைக்கால் அம்மையாருடையது. தாளம் பிடித்த வலக்கை போன மழையில் மணிக்கட்டோடு உதிர்ந்துவிட்டது. முதுகுப்புறம் அரசங்கன்று வேர்விட்டு, உள்ளிருக்கும் செங்கல் தெரிகிறது. இன்னொரு மழையை அது தாங்காது.

புனிதவதி என்ற இயற்பெயர் கொண்ட அம்மையாரின் கதை தெரியாதவர்கள் நம்மில் குறைவு. கணவன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசித்து வந்த சிவனடியாருக்குச் சோற்றோடு படைத்தார். மற்றதைத் தின்ற கணவன் இன்னொன்றும் கேட்க, இறைவனை நினைத்தார். கையில் கனி வந்தது. உண்மையைச் சொன்னபோது அவன் நம்பவில்லை. மறுபடி ஒரு கனி வரவழைக்கச் சொன்னான். வந்த கனி அவன் கைக்குப் போனதும் மறைந்தது. பயந்துபோனவன் கப்பலேறினான், பாண்டிநாட்டில் வேறு மணம் செய்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பேர் வைத்தான். உறவினர் அம்மையாரை அங்கே அழைத்துப் போனதும், மனைவி, குழந்தையோடு அவர் காலில் விழுந்தான். அப்போதுதான் அவர் தசையையும் அழகையும் உதறிவிட்டுப் பேயுருவம் கேட்டு வாங்கினார். கயிலைக்குத் தலையால் நடந்தார். சிவபெருமான் "அம்மையே" என்று அழைத்தது அந்த உருவத்தைப் பார்த்துத்தான்.

அதனால்தான் குழு ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறது. முன்பு நடந்த பராமரிப்பில் விலா எலும்புகளைச் சிமெண்ட் பூசி மூடி, கன்னத்தைக் கொழுக்க வைத்து, எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். பார்க்கப் பயமாக இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணமாக இருக்கலாம். ஆனால் அம்மையார் வேண்டிப் பெற்ற வடிவம் அது. அதைத் திருத்த நாம் யார்? திருவாலங்காட்டுப் பதிகத்தில் பெண்பேயின் குழிந்த கண், ஒட்டிய வயிறு, புடைத்த நரம்பு, நீண்ட கணைக்கால் எல்லாவற்றையும் அவரே பாடியிருக்கிறார். ஸ்தபதிக்கு அதைவிட நல்ல அளவு நூல் வேண்டியதில்லை.

சிமெண்டும் எனாமலும் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பழைய சுண்ணாம்புச் சுதை உள்ளிருந்தே உளுத்துப் போகும். எனவே அவற்றைக் கையால் சுரண்டி எடுத்துவிட்டு, நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் புளிக்க வைத்து, மெல்லிய பூச்சாகப் பூசப்போகிறார்கள். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. செலவில் பெரும்பங்கு சாரத்துக்கும் கூலிக்கும்தான். அறநிலையத் துறை அனுமதியோடுதான் எல்லாம் நடக்கும்.

பணமாகத் தரலாம், எந்தத் தொகையானாலும் கோயில் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தனி ஆள் யாரிடமும், குழு உறுப்பினரே கேட்டாலும், கையில் கொடுக்க வேண்டாம். சுண்ணாம்பு, செங்கல், கடுக்காய், சாரக்கம்பு என்று பொருளாகவும் தரலாம். வரவு செலவுக் கணக்கு மாதந்தோறும் கொடிமரத்தருகே பலகையில் ஒட்டப்படும்.

அப்புறம், இன்னொரு உதவி. சிமெண்ட் பூசுவதற்கு முன் கோபுரம் பின்னால் தெரியும்படி எடுத்த கல்யாண, திருவிழாப் படங்கள் உங்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தால் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறோம். உடைந்த கை எந்த உயரத்தில் இருந்தது என்று ஸ்தபதி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்