சமூகக் கல்லூரியிலிருந்து சுற்றுச்சூழல் பட்டப்படிப்புக்கு: வழியை முதல் நாளிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மலேசியாவில் பள்ளியிறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும், எங்கள் பீடோங் போன்ற தோட்டப்புற ஊர்களில் பெற்றோர்கள் விசாரிக்கத் தொடங்கும் இடங்களில் சமூகக் கல்லூரியும் ஒன்று. கட்டணம் குறைவு, சேர்க்கை நிபந்தனை எளிது, கையில் ஒரு தொழிலோடு வெளியே வரலாம் என்பதால், தேர்வில் பெரிதாகச் சோபிக்காத பிள்ளைகளுக்கும் அங்கே ஒரு கதவு திறந்திருக்கிறது. 2001இல் தொடங்கப்பட்ட இக்கல்லூரிகள் இன்று நாடு முழுவதும் நூற்றுக்கும் மேல் இயங்குகின்றன. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அவற்றால் பிழைப்புக்கு வழி கண்டிருக்கிறார்கள். ஆனால் அங்கே சான்றிதழ் படிப்பை முடித்த ஒரு பிள்ளை, பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் துறையில் பட்டம் பெற ஆசைப்பட்டால், எந்த வழியாகப் போக வேண்டும், படித்ததில் எது கணக்கில் சேரும், எது சேராது என்பதைச் சேரும் நாளிலேயே எடுத்துச் சொல்வார் இல்லை. அதற்கான ஏற்பாட்டை உயர்கல்வி அமைச்சு செய்ய வேண்டும் என்று கேட்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சுற்றுச்சூழல் துறையை நான் குறிப்பாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நான் செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆலையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியேறும் பழுப்பு நிறக் கழிவுநீர், ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு மெல்ல நகர்ந்து, கடைசியில் ஆற்றில் விடப்படும் நிலைக்கு வருகிறதா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. கடைசிக் குளத்து நீரைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுக் குமிழி நுழையாமல் பிடித்து, அதிலுள்ள உயிர்வளியின் (ஆக்சிஜன்) அளவைக் குறித்துக்கொண்டு, 30 பாகை வெப்பத்தில் 3 நாள் இருட்டில் வைத்து, பிறகு மீண்டும் அளக்க வேண்டும். எவ்வளவு உயிர்வளி குறைந்திருக்கிறதோ அதைக் கொண்டு, மாசைச் சிதைக்க லிட்டருக்கு எவ்வளவு உயிர்வளி தேவை என்ற எண்ணாக நீரின் மாசைக் கணக்கிடுவார்கள். ஆலையை விட்டு வெளியேறும்போது லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும் அந்த எண், ஆற்றில் கலக்கும்போது 100ஐத் தாண்டக் கூடாது என்பது 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் செம்பனை ஆலைகளுக்கென வகுக்கப்பட்ட விதி. அந்தக் குளத்தின் வாடையை மூக்கிலும், ஆற்றின் நிற மாற்றத்தைக் கண்ணிலும் பிறந்த நாள் முதல் அறிந்தவர்கள் எங்கள் லயன் வீட்டுப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள். அந்த எண்ணை எழுதிக் கையெழுத்திடும் அதிகாரியாகவோ, ஆலையைச் சோதனையிட வரும் சுற்றுச்சூழல் இலாகா அலுவலராகவோ எங்கள் பிள்ளைகளில் ஒருவரை நான் வேலையில் இருந்த காலத்தில் கண்டதே இல்லை.

களைக்கொல்லி விவகாரமும் அப்படியே. பாராகுவாட் மருந்தை முதுகில் சுமந்து அடித்தவர்கள் எங்கள் தாய்மார்கள். அதைத் தடைசெய்ய 2002இல் எடுத்த முடிவு 2006இல் தளர்த்தப்பட்டு, இறுதியில் 2020 ஜனவரி 1ஆம் நாள்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. இவ்வளவு காலம் நடந்த அந்த வாதத்தில், மருந்தடித்துக் கை வெந்த குடும்பங்களிலிருந்து படித்து வந்த வல்லுநர்கள் கூடுதலாக இருந்திருந்தால் அந்த இடைக்காலம் இன்னும் குறுகியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இனி வழியைப் பற்றிச் சொல்கிறேன். சமூகக் கல்லூரி என்றால் கல்லூரி, கல்லூரி முடித்தால் பல்கலைக்கழகம் என்றே எங்கள் பெற்றோர்கள் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மலேசியத் தகுதி முகமையின் தகுதிக் கட்டமைப்பில் சமூகக் கல்லூரிச் சான்றிதழ் மூன்றாம் நிலையிலும், டிப்ளோமா நான்காம் நிலையிலும், இளங்கலைப் பட்டம் ஆறாம் நிலையிலும் இருக்கின்றன. ஆகவே சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வழக்கமான முறையில் பட்டப்படிப்பில் சேர முடியாது. இடையில் பொலிடெக்னிக்கிலோ வேறு உயர்கல்வி நிலையத்திலோ டிப்ளோமா முடித்தாக வேண்டும். சான்றிதழுக்குக் குறைந்தது 60 கிரெடிட், டிப்ளோமாவுக்கு 90, பட்டத்துக்கு 120 என்பது கணக்கு. ஒரு கிரெடிட் என்பது மாணவரின் 40 மணி நேரக் கற்றல் உழைப்பு. மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிடும். பள்ளியிலேயே படிவம் ஆறு படித்துப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளையோடு ஒப்பிட்டால் இது நீண்ட வழி. நீண்ட வழி என்பதனால் தவறான வழி ஆகிவிடாது, ஆனால் அதன் நீளத்தை அறிந்து நடப்பதற்கும், பாதி தூரம் போன பிறகு அறிவதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

என் தங்கை மகள் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. எஸ்.பி.எம்.மில் வேதியியல் எடுக்காத அவள், ஊருக்கு வெளியே ஒரு சமூகக் கல்லூரியில் வணிகம் தொடர்பான சான்றிதழ் படிப்பை நல்ல தேர்ச்சியுடன் முடித்தாள். தொழிற்பயிற்சிக்காக அவளை அனுப்பிய இடம், ஆலைகளிலிருந்து அபாயகரக் கழிவுகளைச் சேகரிக்கும் ஒரு சிறு நிறுவனம். பீப்பாய்களில் ஒட்டும் அபாயச் சீட்டுகளை எழுதி, எண்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு அதன் பின்னால் இருக்கும் அறிவியலைக் கற்க வேண்டும் என்ற ஆர்வம் அங்கேதான் பிறந்தது. சுற்றுச்சூழல் தொடர்பான டிப்ளோமாவுக்கு விண்ணப்பித்தபோது, வேதியியல் இல்லை என்பதால் அடிப்படைப் பாடத்தைத் தனியாகப் படித்துத் தேறிவிட்டு வரும்படி சொன்னார்கள். அது நியாயமே, வேதியியல் தெரியாமல் மாசைப் பற்றிப் படிக்க முடியாது. எனக்கு வருத்தம் தந்தது அடுத்து நடந்ததுதான்.

அவள் ஏற்கெனவே படித்த பாடங்களில் சிலவற்றையாவது புதிய படிப்பில் கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டோம். பொதுவாக, பழைய பாடத்தின் உள்ளடக்கம் புதிய பாடத்தோடு 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும், அந்தப் பாடத்தில் குறைந்தது 'சி' நிலைத் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நம் நாட்டில் பின்பற்றப்படும் முறை. பணியிடப் பாதுகாப்பு, தொடர்புமுறை ஆங்கிலம் ஆகிய பாடங்கள் இரண்டு பக்கத்திலும் இருந்தன. ஆனால் மதிப்பெண் பட்டியலில் பாடத்தின் பெயரும் தேர்ச்சி நிலையும் மட்டுமே இருந்தன. வாரவாரியாக என்ன கற்பிக்கப்பட்டது என்று விவரிக்கும் பாடத்திட்டத் தாளைக் கொண்டுவரும்படி கேட்டார்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும் என்று படிக்கும் காலத்தில் அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. பழைய கல்லூரிக்குத் தொலைபேசியில் கேட்டபோது, பாடத்திட்டம் இதற்குள் மாறிவிட்டது, பழையதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்ற பதில் வந்தது. தாள் கிடைப்பதற்குள் விண்ணப்பக் கெடு முடிந்துவிட்டது. ஒரு முறை தேறிய பாடங்களையே அவள் மறுபடியும் கட்டணம் செலுத்திப் படித்தாள். இரு நிலையங்களின் அலுவலர்களும் எங்களிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. இரண்டு நிலையங்களுக்கும் இடையே முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட உடன்பாடு ஒன்று இல்லாததே குறை. அவள் இப்போது பட்டப்படிப்பில் இருக்கிறாள் என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்லிக்கொள்கிறேன்.

வேறொரு தடையும் உண்டு. சமூகக் கல்லூரியில் சேர மலாய்மொழியிலும் வரலாற்றிலும் சாதாரணத் தேர்ச்சி போதும்; அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு மலாய்மொழியில் சாதாரணத் தேர்ச்சிக்கு மேலான 'கிரெடிட்' நிலைத் தேர்ச்சி வேண்டும், மூயெட் ஆங்கிலத் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். டிப்ளோமாவை முடித்துவிட்டு அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும்போது இதை அறிந்து மனமுடைந்த இளைஞர்களை எங்கள் வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன். மலாய்மொழித் தாளை மட்டும் மறுதேர்வாக எழுத வாய்ப்பிருக்கிறது. சான்றிதழ் படிப்பின் முதல் ஆண்டிலேயே அதை எழுதிவிட்டால் ஒரு சுமை குறையும்.

சுற்றுச்சூழல் என்ற பெயரில் உள்ள பட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் பெற்றோர்கள் அறிய வேண்டும். பாங்கியிலுள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் அது சுற்றுச்சூழல் அறிவியல். செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியலோடு சேர்ந்த தனிப் புலமே இருக்கிறது. எங்களுக்கு அருகே பெர்லிஸ் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் கற்பிக்கிறார்கள். பொறியியலுக்கு இயற்பியலும் கணிதமும் வலுவாக இருக்க வேண்டும். அறிவியலுக்கு வேதியியலும் உயிரியலும் அடித்தளம். சமூகக் கல்லூரியில் மின்னிணைப்போ குளிர்சாதனப் பழுதுபார்ப்போ படித்த பையனுக்குப் பொறியியல் பக்கம் ஏறுவது இயல்பாக இருக்கும். மீன் வளர்ப்போ தோட்டப் பயிர்த்தொழிலோ படித்தவனுக்கு அறிவியல் பக்கம் பொருந்தும். எந்தச் சான்றிதழைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே பின்னாளில் எந்தப் பட்டம் எட்டும் என்பது பாதி முடிவாகிவிடுகிறது. பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளையோ, இரவு வேலை முடிந்து வரும் தகப்பனோ இதைத் தாங்களாகவே கண்டறிவார்கள் என்று எதிர்பார்ப்பது முறையாகாது.

இதை வேறு நாடுகளில் செய்து காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சமூகக் கல்லூரியின் எந்தப் பாடம் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்பதைக் கல்லூரி வாரியாக, பட்டம் வாரியாகப் பட்டியலிடும் 'அசிஸ்ட்' என்ற பொதுத் தரவுத்தளம் இருக்கிறது. மாணவர் கல்லூரியில் சேரும் முன்பே யாருடைய தயவும் இன்றி அதைப் பார்த்துக்கொள்ளலாம். 2010இல் அம்மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென வகுக்கப்பட்ட 60 கிரெடிட் படிப்பை முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. மேலும் 60 கிரெடிட் படித்தால் பட்டம். அவ்வகையில் சுற்றுச்சூழல் அறிவியலுக்கும் ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. அங்கே சமூகக் கல்லூரிப் படிப்பு பட்டத்தின் முதற்பாதியாகவே அமைந்திருப்பதால், நம் மூன்றாம் நிலைச் சான்றிதழை அதனோடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும் பாடத்துக்குப் பாடம் முன்கூட்டியே எழுதி எல்லாருடைய பார்வைக்கும் வைப்பது என்ற அந்த ஒரு பழக்கத்தை நாம் எடுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை. பொலிடெக்னிக்குகளும் சமூகக் கல்லூரிகளும் ஒரே இலாகாவின் கீழ், ஒரே அமைச்சில் இருக்கும் நம் நாட்டில் இது இன்னும் எளிதாகவே முடியும்.

ஆகவே அமைச்சிடம் நான் கேட்பது இதுதான். சுற்றுச்சூழல் துறையை முதல் முயற்சியாக எடுத்துக்கொண்டு, எந்தச் சமூகக் கல்லூரிச் சான்றிதழிலிருந்து எந்த டிப்ளோமாவுக்கும், அங்கிருந்து எந்தப் பட்டத்துக்கும் செல்லலாம், ஒவ்வொரு படியிலும் எந்தப் பாடங்கள் கணக்கில் சேரும், எஸ்.பி.எம்.மில் எந்தப் பாடங்கள் இருந்தே ஆக வேண்டும் என்பதை ஓர் அட்டவணையாக வெளியிட வேண்டும். சான்றிதழ் வழங்கும் நாளில் மதிப்பெண் பட்டியலோடு அந்த ஆண்டின் பாடத்திட்டத் தாள்களையும் ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஏதும் ஆகாது. வேதியியல் படிக்காமல் வந்த பிள்ளைகளுக்குச் சமூகக் கல்லூரியிலேயே மாலை நேரத்தில் ஓர் அடிப்படை வகுப்பு நடத்த முடியுமானால், என் தங்கை மகள் இழந்த காலத்தை இனி வருபவர்கள் இழக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே ஆலையிலோ கழிவு மேலாண்மை நிறுவனங்களிலோ வேலை செய்துகொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு செய்தி. தகுதி முகமை நடத்தும் 'ஏபெல்' என்னும் ஏற்பாட்டின்படி, 21 வயதைக் கடந்து, துறை சார்ந்த வேலை அனுபவம் உள்ளவர்கள், அதற்கான மதிப்பீட்டில் தேறினால், டிப்ளோமா இல்லாமலேயே பட்டப்படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். செய்த வேலையை ஆவணங்களோடு தொகுத்துக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், பயிற்சிச் சான்றுகளையும் மேலாளர் எழுதித் தரும் வேலைக் குறிப்புகளையும் இப்போதிருந்தே சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். குளத்தங்கரையில் மாதிரி நீர் பிடித்த அனுபவத்துக்கும் பல்கலைக்கழகத்தில் மதிப்பு உண்டு என்பதை எங்கள் ஆலைப் பையன்களில் பலர் இன்னும் அறியவில்லை.

தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் இந்த வழிகளைத் தமிழில் ஒரு முழுப் பக்க அட்டவணையாக, அடுத்த எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவருவதற்கு முன் வெளியிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அப்படி வெளியிட்டால், அதை எங்கள் ஊர்க் கோவில் மண்டபத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு, அருகிலுள்ள தோட்டங்களுக்கும் நேரில் கொண்டு சென்று பெற்றோர்களிடம் விளக்கும் பொறுப்பை நானும் என்னோடு ஓய்வு பெற்ற நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஆய்வுக்கூட ஊழியர்,
பீடோங், கெடா.