கோடிங் மட்டும் போதாது, முகவரியும் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் அமெரிக்க மெடிக்கல் பில்லிங் வேலைக்குப் பயிற்சி பெறும் பிள்ளைகள் நோய்க் கோடு, சிகிச்சைக் கோடு எல்லாவற்றையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். சிகிச்சைப் பணம் கேட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் அந்த கிளெய்ம், 837 என்ற மின்னணுக் கோப்பாகி யார் வழியாக யாருக்குப் போகிறது என்று கேட்டால் விழிக்கிறார்கள். குறை அவர்களுடையதல்ல, பாடத்திட்டத்தில் அது இல்லை.

கோப்பின் முதல் வரியான ஐ.எஸ்.ஏ.தான் முகவரி தாங்கிய வெளியுறை. முடிவுக்குறியையும் சேர்த்து அதன் நீளம் மிகச் சரியாக 106 எழுத்து. அனுப்புபவர் எண்ணுக்கு 15 இடம், பெறுபவர் எண்ணுக்கு 15 இடம். 9 இலக்க வரித்துறை எண்ணை எழுதினால் பின்னால் 6 இடம் காலியாக விட்டே ஆக வேண்டும். யாராவது நோட்பேடில் திறந்து, வெறும் இடைவெளிதானே என்று அழித்துச் சேமித்துவிட்டால் கோப்பு முழுவதும் கெட்டது. பெறும் கணினி 4ஆவது எழுத்தை வைத்துத்தான் பிரிப்புக்குறி எது என்றும், 106ஆவதை வைத்துத்தான் முடிவுக்குறி எது என்றும் அறிகிறது. எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டெழுத்துக் குறியும் முகவரியில் சேர்ந்ததே. 30 என்றால் வரித்துறை எண். இசட் இசட் என்றால் இரு தரப்பும் பேசி முடிவுசெய்த எண். எண் சரியாக இருந்து இந்தக் குறி மாறினாலும் உறை திரும்பிவிடும். அதே வரியின் 15ஆவது கட்டத்தில் பி என்பதற்குப் பதில் டி இருந்தால் சோதனைக் கோப்பு என்று கணக்காகும். ஒப்புகைகூட வரலாம், பணம் வராது.

இதைவிடப் பெரிய குழப்பம் கிளியரிங் ஹவுஸில், அதாவது கிளெய்ம்களை வாங்கி உரிய காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுப்பும் இடைநிலை நிறுவனத்தில். அதன் வழியாக அனுப்பும்போது வெளியுறையில் பெறுபவர் எண்ணாக இருக்க வேண்டியது கிளியரிங் ஹவுஸின் எண். காப்பீட்டு நிறுவனத்தின் அடையாள எண்ணான பேயர் ஐ.டி. உள்ளே என்.எம்.1 பி.ஆர். வரியில் இருக்கும். கிளியரிங் ஹவுஸில் உறையைப் பிரித்து, அந்த ஐ.டி.யைப் பார்த்துத்தான் புது உறை போட்டு அனுப்புகிறார்கள். ஒரே நிறுவனத்துக்குத் திட்டத்துக்கு ஒரு ஐ.டி. இருக்கலாம், ஒரு கிளியரிங் ஹவுஸில் செல்லும் ஐ.டி. இன்னொன்றில் செல்லாமல் போகலாம்.

பேயர் ஐ.டி. தவறானது, கோப்பு கிடைத்ததும் திரும்பி வரும் ஒப்புகைகளான டி.ஏ.1-லும் தெரியாது, 999-லும் தெரியாது. முன்னது உறையையும் பின்னது கோப்பின் கட்டமைப்பையும் மட்டுமே பார்க்கும். கிளெய்ம் ஏற்கப்பட்டதா என்பதை 277 சி.ஏ. என்ற ஒப்புகைதான் சொல்லும். 999 வந்ததுமே வேலை முடிந்தது என்று மூடிவைக்கிற பழக்கத்தை முதல் நாளிலேயே மாற்ற வேண்டும். மெடிகேர் என்ற அமெரிக்க அரசுக் காப்பீட்டுக்கு கிளெய்ம் அனுப்பச் சிகிச்சை நாளிலிருந்து ஓராண்டு கெடு; பல தனியார் நிறுவனங்களில் இன்னும் குறைவு. கெடு தாண்டிய கிளெய்முக்குப் பணம் வருவது அரிது.

திரும்பி வரும் வழியும் தனி. மருத்துவமனை கிளியரிங் ஹவுஸை மாற்றினால் 837 புது வழியில் போகும். ஆனால் பணம் கொடுத்த விவரம் தரும் 835, பதிவை மாற்றும்வரை பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கும்.

இது அமெரிக்க வேலைக்கு மட்டுமான படிப்பு அல்ல. நம் நாட்டின் தேசிய சுகாதார கிளெய்ம் பரிமாற்றத்திலும் அனுப்புபவர் குறியீடு, பெறுபவர் குறியீடு இரண்டும் வெளியே தெரியும். உள்ளடக்கம் பெறுபவரின் சாவிக்கு மட்டுமே திறக்கும். நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் காப்பீட்டுப் பிரிவுகளுக்கு இதைப் புரிந்த ஆட்கள் தேவைப்படுவார்கள்.

எனவே பயிற்சி நிலையங்களும் கல்லூரிகளும் ஒரு வாரமாவது இதற்கு ஒதுக்க வேண்டும். 837-ஐயும் அதற்கு வந்த 999, 277 சி.ஏ.வையும் பக்கத்தில் வைத்து, எந்த எண் எங்கே திரும்புகிறது என்று மாணவர்களே தேடிப் பார்க்கட்டும். நோயாளிகளின் உண்மையான கோப்பைத் தொட வேண்டாம். கற்பனைப் பெயர்களோடு தயாரித்த மாதிரிக் கோப்பே போதும்.

இப்படிக்கு,
கிளெய்ம் பிரிவு ஊழியர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.