திருச்சி விமான நிலையத்துக்குள் ஒரு காரைக்குடி பஸ்

போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் ஒரு மணி நேரம் என்பார்கள். சரிதான். வான்வழியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். நின்ற இடத்திலிருந்து நகர்ந்து ஓடுதளத்துக்குப் போவதும், தரையிறங்கி வந்து நிற்பதும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் அடக்கம். ஆனால் எங்களுக்குத் திருச்சி பாதி வழிதான்.

போன தை மாதம் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, சாந்தி. அறுபதாம் கல்யாணத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். சித்தப்பாவும் சின்னத்தாவும் சென்னையிலிருந்து விமானத்தில் வந்தார்கள். காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள் எங்கள் வீட்டு வளவுக்குள் கால் வைத்தபோது மணி பன்னிரண்டு. பறந்தது ஒரு மணி நேரம், மொத்தம் ஆறு மணி நேரம். பல்லவன் ரயிலில் எழும்பூரிலிருந்து காரைக்குடிக்கு ஏறக்குறைய ஏழு மணி நேரம்தான் ஆகும். மிச்சமானதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையில்தான் இருக்கிறது. புதுக்கோட்டை, திருமயம் வழியாகக் காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். ஆனால் பஸ் பிடிக்க முனையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வர வேண்டும். சின்னத்தாவுக்கு முழங்கால் வலி. ஒரு கையில் பெட்டி, மறு கையில் சீர்ப் பாத்திரங்கள் கட்டிய மூட்டை, மேலே வெயில். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பிப் போய் வாடகைக் கார் பிடித்தார்கள். அதற்குக் கொடுத்த பணம் ஒருவருடைய விமான டிக்கெட்டை எட்டிவிட்டது.

சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் நிலைமையும் இதுதான். கடல் தாண்டி நாலு மணி நேரத்தில் திருச்சிக்கு வந்துவிடுகிறார்கள். அப்புறம் ஊருக்குப் போக, நடு ராத்திரியில் கார்க்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கிறார்கள்.

செட்டிநாட்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது, அதைத் திறக்க வேண்டும் என்று பலரும் கேட்கிறார்கள். திறந்தால் சந்தோஷம்தான். ஆனால் அது வரும்போது வரட்டும். பஸ்ஸுக்கு ஓடுதளம் தேவையில்லை, நீங்கள் மனசு வைத்தால் அடுத்த மாதமே விடலாம்.

காரைக்குடி போகும் பஸ்களில் சிலவாவது முனைய வாசல் வரை வந்து ஆளேற்றிப் போகட்டும். வெளிநாட்டு விமானங்கள் இறங்கும் நேரத்துக்கு, ராத்திரியில் ஒன்றாவது இருக்க வேண்டும். பெட்டி வைக்க அடியில் இடம் வேண்டும். திரும்பிப் போகிறவர்கள் முறுக்கும் சீடையும் நிரப்பிய சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க உட்கார முடியாது. கானாடுகாத்தான் விலக்கில் ஒரு நிறுத்தமும் கொடுங்கள்.

பங்குனியில் அடுத்த விசேஷம் வருகிறது. சின்னத்தா இப்போதே கேட்கிறார், பஸ் உள்ளே வருமா என்று.

இப்படிக்கு,
காரைக்குடிவாசி ஒருவன்