சென்டர்லெஸ் கிரைண்டிங் செய்த பின்களின் வட்டத்தன்மைக் குறைபாடு குறித்த புகார்

பெறுநர்: தரக்கட்டுப்பாட்டு மேலாளர் அவர்கள்

பொருள்: 12 மி.மீ. கைடு பின்கள், 2,400 எண்ணிக்கை – மாற்றுப் பொருளும் திருத்திய ஆய்வறிக்கையும் கோருதல்.

ஐயா,

வணக்கம். நாங்கள் ஜாப் வொர்க்குக்குக் கொடுத்த கைடு பின்களைத் தாங்கள் சென்டர்லெஸ் இயந்திரத்தில் (பின்னை மையத்தில் பிடிக்காமல், ஒரு பிளேடின்மேல் தாங்கி இரு வீல்களுக்கு இடையே சுழற்றித் தேய்க்கும் இயந்திரம்) த்ரூஃபீட் முறையில், அதாவது பின்கள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவரும்படி, கிரைண்டிங் முடித்துக் குறித்த நாளில் அனுப்பி வைத்தீர்கள். மேற்பரப்பின் மெருகிலோ பேக்கிங்கிலோ எந்தக் குறையும் இல்லை. ஆனால் அசெம்பிளியில் முதல் தட்டுப் பின்களை எடுத்தபோதே பல பின்கள் புஷ்ஷுக்குள் (பின் நுழைந்து ஓடும் குழல் வடிவ உறைக்குள்) சீராக ஓடாமல் இறுக்கிப் பிடித்தன. ஒரு நிலையில் சிக்கும் பின்னைச் சற்றே திருப்பினால் இளகியது, இன்னும் கொஞ்சம் திருப்பினால் மறுபடியும் சிக்கியது. இதைத் தெரிவித்தபோது, பின்னின் அளவு சரியாகவே இருக்கிறது, எங்கள் புஷ்தான் சிறியதாக இருக்கும் என்று தாங்கள் பதில் எழுதினீர்கள். அந்தப் பதிலை ஏற்க இயலாமல்தான் இக்கடிதத்தை எழுதுகிறோம்.

வரைபடத்தில் நாங்கள் கேட்டிருப்பது 12 g6 என்ற விட்ட வரம்பு, அதாவது 11.983 முதல் 11.994 மி.மீ. வரை, வட்டத்தன்மைப் பிழை 2 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது 0.001 மி.மீ.). தங்கள் ஆய்வறிக்கையில் ஒவ்வொரு பின்னும் மூன்று இடங்களில், பல திசைகளில் மைக்ரோமீட்டரால் அளக்கப்பட்டு எங்கும் 11.991 என்றே பதிவாகியிருக்கிறது. நாங்களும் அளந்தோம், அதே எண்தான் வந்தது. அப்படியிருந்தும் 11.994 அளவுள்ள கோ ரிங் கேஜ் (சரியான பின்மேல் ஏறியாக வேண்டிய சோதனை வளையம்) அதே பின்மேல் ஏறவில்லை. எனவே இதில் புஷ்ஷைக் குறை சொல்ல இடமே இல்லை.

பிறகு ஒரு பின்னை 60 டிகிரி வி-பிளாக்கில் (V வடிவப் பள்ளமுள்ள தாங்கியில்) வைத்து, மேலே நுண் ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் டயலைப் பொருத்தி, விரலால் மெதுவாக உருட்டிப் பார்த்தோம். ஒரு சுற்றுக்குள் முள் மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கியது. ஆட்டம் 24 மைக்ரான். மூன்று மேடுகள் கொண்ட வடிவத்தை இந்தக் கோணத்து வி-பிளாக் மூன்று மடங்காகப் பெருக்கிக் காட்டும் என்பதால், உண்மையான வட்டப் பிழை 8 மைக்ரான். இதே வி-பிளாக் ஐந்து மேடுகளைக் காட்டாது என்பதையும் மனத்தில் கொண்டு 90 டிகிரி வி-பிளாக்கிலும் சோதித்தோம். அங்கே பெருக்கம் இரண்டு மடங்கு. முள் ஆடியதும் 16 மைக்ரான். இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. தட்டுக்கு ஒன்று வீதம் எடுத்த 50 பின்களும் ஏறத்தாழ இதே மாதிரிதான் இருந்தன.

இந்தக் குறையை மைக்ரோமீட்டர் காட்டிக்கொடுக்காததில் வியப்பில்லை. மூன்று மேடுள்ள வடிவத்தில் ஒவ்வொரு மேட்டுக்கும் நேர் எதிரே ஒரு பள்ளம் இருப்பதால், எந்தத் திசையில் பிடித்தாலும் இரண்டு தாடைகளுக்கு இடையிலான தூரம் மாறாது. பல திசைகளில் ஒரே அளவு வந்தது என்று தாங்கள் சொல்வது பின் வட்டமாக இருப்பதற்கான சான்றே அல்ல. 11.991 என்று காட்டும் பின்னின் மேடுகளைத் தொட்டுச் செல்லும் வட்டம் 11.999 ஆகிறது, 12.000 மி.மீ. துளையுள்ள புஷ்ஷில் குறைந்தது 6 மைக்ரான் இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் 1 மைக்ரான்தான் மிஞ்சுகிறது.

காரணத்தை ஊகிக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் பொறியாளர் தங்கள் பட்டறைக்கு வந்திருந்தபோது, முந்தைய லாட்டில் சாட்டர் (அதிர்வால் விழும் வரித் தடங்கள்) விழுந்ததால் பின்னைத் தாங்கும் வொர்க் ரெஸ்ட் பிளேடை இறக்கி வைத்ததாக இயந்திரத்தை ஓட்டுபவரே கூறினார். (மறைக்காமல் சொன்ன அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.) பிளேடை இறக்கினால் சாட்டர் அடங்கும் என்பது உண்மைதான். ஆனால் பின்னின் மையம் இரு வீல்களின் மையக்கோட்டை நெருங்க நெருங்க, பின்னைச் சுழற்றும் ரெகுலேட்டிங் வீலில் படும் மேடு பின்னை எதிர்ப்பக்கம் தள்ள, கிரைண்டிங் வீல் அங்கே அந்த அளவுக்குப் பள்ளம் பறிக்கிறது. பின் எத்தனை சுற்று சுற்றினாலும் அந்த மேடு கரைவதில்லை. இவ்வளவு சிறிய பின்னுக்கு அதன் விட்டத்தில் பாதி, அதாவது சுமார் 6 மி.மீ., மையக்கோட்டுக்கு மேலே வைத்துத் தொடங்குவதே வழக்கம். சாட்டரை ரெகுலேட்டிங் வீலின் வேகத்தை மாற்றியோ, வீலை டிரெஸ்ஸிங் செய்தோ (அதன் தேய்ந்த முகத்தைச் சீவிச் சரிசெய்தோ), பிளேடின் பிடிமானத்தைச் சரிபார்த்தோ போக்கியிருக்கலாம்.

பின்களைத் திருப்பி அனுப்பினால் இன்னும் 8 மைக்ரான் எடுத்துத் தருவதாகத் தாங்கள் தொலைபேசியில் சொன்னது எங்களுக்கு உதவாது. அதே செட்டிங்கில் ஓட்டினால் பின் புஷ்ஷுக்குள் போகும், ஆனால் மூன்று கோடுகளில் மட்டுமே தொட்டுக்கொண்டு சீக்கிரம் தேயும். பிளேடை உயர்த்திச் சரியாக ஓட்டினாலும், பள்ளங்களின் அடியைத் தொடும் வட்டம் 11.983, அதாவது கீழ் வரம்பு. அதற்குக் கீழே ஒரு மைக்ரான் கூட எடுக்க இடமில்லாததால் இந்த லாட்டைக் காப்பாற்ற வழி இல்லை என்பதே எங்கள் முடிவு.

ஆகவே 2,400 பின்களையும் தங்கள் செலவில் திரும்பப் பெற்றுக்கொண்டு, மூலப்பொருள், ஹீட் ட்ரீட்மெண்ட் உட்பட முழுவதும் தங்கள் பொறுப்பில் புதிய பின்களைத் தர வேண்டும். வட்டத்தன்மை என்ற கட்டத்தில் மைக்ரோமீட்டர் அளவை வைத்து ‘சரி’ என்று எழுதிய அறிக்கையை ரத்து செய்து, வி-பிளாக்கிலோ ரவுண்ட்னஸ் டெஸ்டரிலோ எடுத்த அளவுகளுடன் புதிய அறிக்கை இணைக்க வேண்டும். புதிய செட்டிங்கில் ஓட்டிய முதல் 5 பின்களை எங்களுக்கு அனுப்பி, நாங்கள் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே மீதியை ஓட்டும்படியும் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் அசெம்பிளி நின்றிருப்பதால் 7 நாட்களுக்குள் பதில் தேவை. நாங்கள் சோதித்த 50 பின்களையும் எண்ணிட்டு, ஒவ்வொன்றின் அளவுகளையும் குறித்து இக்கடிதத்துடன் அனுப்பியுள்ளோம்.

இப்படிக்கு,
பொறுப்பாளர், உள்வரும் பொருள் ஆய்வுப் பிரிவு