அசையும் நிலமும் அரிக்கும் கடலும்

ஆசிரியர் அவர்கட்கு,

அம்பாறைக் கரையோரத்தைக் கடல் அரித்து வருவதற்கு 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிய பூமியதிர்ச்சியே காரணம் என்றும், அன்று தொடக்கம் நமது நிலம் தாழ்ந்துகொண்டே போகிறது என்றும் கடந்த வாரம் தங்கள் வாசகர் பகுதியில் ஓர் அன்பர் எழுதியிருந்தார். பெரும் பூமியதிர்ச்சி ஓய்ந்த பின்னரும் நிலம் ஆண்டுக்கணக்கில் அசைந்துகொண்டிருக்கும் என்பதை அவர் அறிந்து வைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆண்டுதோறும் வெளிவரும் நினைவுக் கட்டுரைகளில் பல அதைச் சொல்வதே இல்லை. ஆனால் அந்த அசைவை நமது கரைக்குக் கொண்டுவந்து பொருத்தியது தவறு. நெடுங்காலம் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை விளக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

அன்று காலை, அப்போதைய இலங்கை நேரப்படி 6.59 மணியளவில், சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் தொடங்கிய பிளவு, ஏறத்தாழ பத்து நிமிடங்களுக்குள் அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு ஓடியது. சுமாத்திராவை அடுத்துள்ள சிமெலு தீவின் வடமேற்குக் கரை ஒன்றரை மீற்றர் அளவுக்கு உயர்ந்ததால், அதுவரை நீருக்குள் உயிரோடிருந்த முருகைக்கற்கள் வெயிலில் காய்ந்து இறந்தன. அந்தமானிலுள்ள போர்ட் பிளேர் ஏறக்குறைய ஒரு மீற்றர் தாழ்ந்தது. பிளவிலிருந்து சில நூறு கிலோமீற்றர் தள்ளியிருந்த தாய்லாந்தின் புக்கெட் தீவு 27 சென்ரிமீற்றர் நகர்ந்தது. ஐம்பது நாட்களின் பின்னர் அதே இடத்தை ஜி.பி.எஸ். கருவியால் அளந்தபோது நகர்வு 34 சென்ரிமீற்றர் ஆகியிருந்தது. அந்த மேலதிக ஏழு சென்ரிமீற்றரை அங்கு வாழ்ந்த எவரும் உணர்ந்திருக்க முடியாது.

இதற்கு முதற் காரணம், பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் பிளவுத்தளத்தில் அன்று வேகமாக வழுக்காமல் எஞ்சிய பகுதிகள் பின்னர் ஓசையின்றி மெல்ல வழுக்குவதாகும். நாம் அஞ்சுகின்ற பின்னதிர்வுகள் இந்த மௌன வழுக்கலின் ஒரு சிறு பங்கையே காட்டுகின்றன. முதல் நாட்களில் விரைவாகவும் போகப்போகத் தளர்ந்தும் இது நடைபெறும். இரண்டாவதாக, நெருக்குண்ட பாறைகளின் நுண்துளைகளில் உள்ள நீர் இடம்பெயர்கிறது. சட்டித் தயிரில் அகப்பையால் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், வெட்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊறி, அதன் விளிம்பும் சற்றே தளர்ந்திருப்பதைக் காணலாம். ஏறத்தாழ அதுபோன்றதே இதுவும். மூன்றாவது காரணமே மிக நீண்டகாலம் நீடிப்பது. புவியோட்டின் கீழுள்ள வெப்பமான பாறைப் படை, திண்மமாக இருந்தும் ஆண்டுகளின் அளவில் பாகுபோல ஒழுகி, திடீரென்று மாறிய அழுத்தத்துக்குத் தன்னை இசைவாக்கிக் கொள்கிறது. 1960 இல் சிலியில் நிகழ்ந்த 9.5 அளவு பூமியதிர்ச்சியின் தாக்கத்தால், முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நாட்டின் உட்பகுதிகள் கடல்நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததை ஜி.பி.எஸ். அளவீடுகள் காட்டின.

யப்பானிய மீனவர்கள் இதைத் தமது படகுத்துறையிலேயே கண்டார்கள். 2011 மார்ச் 11 இல் அங்கு நிகழ்ந்த பெரும் பூமியதிர்ச்சியில் ஒசிக்கா தீபகற்பம் ஐந்து மீற்றருக்கு மேல் நகர்ந்து, ஒரு மீற்றருக்கு மேல் தாழ்ந்தது. கடல்நீர் ஏறிய படகுத்துறைகளைப் பெரும் செலவில் உயர்த்திக் கட்டினார்கள். பின்னர் நிலம் சிறிது சிறிதாக மீண்டும் எழுந்ததால், உயர்த்திய மேடைகள் படகுக்கு எட்டாத உயரமாகிவிட, சிலவற்றை வெட்டித் தாழ்த்த வேண்டியதாயிற்று. தாழ்ந்த நிலம் தாழ்ந்துகொண்டே போகும் என்பது பொதுவிதி அல்ல என்பதையும் அன்பர் இதிலிருந்து அறியலாம்.

நமக்கும் அந்தப் பிளவுக்கும் இடையே ஆயிரம் கிலோமீற்றருக்கும் அதிகமான கடல் இருக்கிறது. அத்தூரத்தில் இந்த அசைவு மிகச் சிறியது. கருவிக்குத்தான் புலப்படும், ஒரு கரையை விழுங்காது. 2005 மார்ச் 28 இரவு நியாஸ் தீவருகே 8.6 அளவில் மீண்டும் அதிர்ந்தபோது, சுனாமி வருமென்று அஞ்சிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடந்து ஓடியவர்களில் நானும் ஒருவன். டிசெம்பர் அதிர்வு அயற்பிளவின் மீது ஏற்றிவைத்த சுமையே அதனைத் தூண்டியது என்பது ஆய்வாளர் கருத்து. அந்த அச்சம் நியாயமானது. நிலம் நம் காலடியிலேயே தாழ்கிறது என்ற அச்சத்துக்கு அத்தகைய நியாயம் இல்லை.

சென்ற ஆண்டு நிந்தவூருக்கும் ஒலுவிலுக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு கொட்டுக்கிணற்றைப் பார்த்தேன். ஒருகாலத்தில் வீட்டு வளவுக்குள் இருந்த அக்கிணறு, இப்போது அலை நுரையின் நடுவே என் மார்பளவு உயரத்துக்குத் தனித்து நிற்கிறது. கொட்டுகளின் பொருத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன; அவற்றில் சிப்பிகள் ஒட்டியுள்ளன. நிலம் தாழ்ந்திருந்தால் கிணறும் அதனுடன் தாழ்ந்திருக்கும். கிணறு நிற்க, அதைச் சுற்றியிருந்த மணல் போயிருக்கிறது. கரையோரமாக மணலைக் கொண்டுசெல்லும் நீரோட்டத்தைக் கற்கட்டுகள் மறித்தால் ஒரு பக்கத்தில் மணல் சேர்ந்து மறுபக்கம் தேயும்; ஆற்று மணலை அள்ளினாலும் கடற்கரைக்கு வரவேண்டிய மணல் குறையும். இவை மனிதர் செய்தவை. மனிதரிடமே விளக்கம் கேட்கக்கூடியவை. பழியைப் பூமியதிர்ச்சியின் மீது போட்டால் எவரும் பதில் சொல்ல வேண்டியிருக்காது என்பதே எனது கவலை.

எனவே, மாரி தொடங்கிக் கடல் கொந்தளிக்குமுன், கரையோர மீனவர் சங்கங்கள் இத்தகைய கிணறுகளில் ஒன்றிலேனும் ஒரு கோடு கீறி, அதற்குக் கீழே மணல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை மாதந்தோறும் அளந்து எழுதிவைக்குமாறும், அந்த அளவுகளைத் தங்கள் பத்திரிகை வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு.