தோட்டத்தின் பேரையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் மலையகப் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம், பனிமூட்டம், ரயில் கோச்சியின் கதவோரம் நின்று பார்த்த தேயிலை மலைகள் எல்லாவற்றையும் கட்டுரையாளர் ரசித்து எழுதியிருந்தார். சந்தோஷம். ஆனால் நடுவில் ஒரு வரி. தோட்டத்து மக்களுக்கு வாழும் இடத்தின் மேல் அவ்வளவு பற்று கிடையாது, அதனால்தான் பிள்ளைகள் கொஞ்சம் படித்ததும் கொழும்புக்குப் போய்விடுகிறார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டார். அந்த வரி தங்கள் கண்ணில் பட்டும் எப்படி அச்சேறியது ஐயா? அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் பத்திரிகை இது. வேறு எதிலாவது வந்திருந்தால் இவ்வளவு வருந்தியிருக்க மாட்டேன்.

அவர் படம் பிடித்த மலைகளுக்கெல்லாம் பேர் உண்டு. எங்கள் அம்மா கொழுந்தெடுத்த மலை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் புத்தகத்தில் 7ஆம் நம்பர். எங்கள் வாயில் அது பிள்ளைத்தாச்சி மலை. கூடையோடு நிற்கும்போதே வலி கண்டு ஒருத்தி அங்கே பிள்ளை பெற்றாளாம். பாட்டி காலத்துக் கதை. இன்றைக்கும் அந்த மலையில் புதிதாகக் கொழுந்தெடுக்கத் தொடங்கும் நாளில், பாதையோரக் கல்லுக்குக் கற்பூரம் காட்டித் தேங்காய் உடைக்காமல் எந்தப் பெண்ணும் நிரையில் கால் வைப்பதில்லை. மாரியம்மனையும் முனியாண்டியையும் எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து கூடவே கொண்டு வந்தார்கள். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத்துக்குக் காவல் நிற்கும் ரோதமுனியும், செடி வெட்டும் வேலைக்கான கவ்வாத்துச் சாமியும் அப்படியா? அவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்த சாமிகள். பற்றில்லாத இடத்தில் யாராவது புதிதாகச் சாமி உண்டாக்கிக் கும்பிடுவார்களா?

கட்டுரையாளர் மாசி மாதத்தில் ஒரு முறை வரட்டும். மன்மதன் எரிந்து ரதி அழும் கதையை ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிவிட்டால் தோட்டமே வேறு மாதிரி ஆகிவிடும். ரதி பக்கம், மதன் பக்கம் என்று லயங்கள், அதாவது எங்கள் வரிசை வீடுகள், பிரிந்து சம்பந்தி முறை பேசத் தொடங்கிவிடும். கடைசி இரவு காமன் எரிந்த பிறகு தப்பு மேளச் சத்தம் சட்டென்று நின்று, ரதி ஒப்பாரி வைப்பாள். வேஷம் கட்டியிருப்பது பக்கத்து லயத்துப் பையன் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் பெண்கள் தங்கள் வீட்டில் செத்தவர்களை நினைத்து விம்முவார்கள். கொழும்பில் புடவைக்கடையில் நின்ற எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வருடம் முதலாளி லீவு தரவில்லை. அவன் வேலையையே விட்டுவிட்டு வந்து ரதி கட்டினான். மயிர்முடி நழுவ நழுவ ஒரு கையால் பிடித்துக்கொண்டு விடியும்வரை ஆடினான். அந்தப் பிள்ளைக்கா பற்று இல்லை?

பற்றைப் பேசுகிறவர்கள், பற்று வைக்க எங்களை விட்டார்களா என்பதையும் பேச வேண்டும். தங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டார்கள். மிச்சமிருந்த ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். எங்கள் அத்தை குடும்பம் அந்தக் கணக்கில் போனதுதான். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்துக்கே போய்ச் சேர்ந்தார்கள். அத்தைக்கு எழுதத் தெரியாது, மகனிடம் சொல்லி எழுத வைப்பார். அந்தக் கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் வேலை. நலம் விசாரிப்பு இரண்டு வரிதான் இருக்கும். அப்புறம் முழுக்கக் கேள்விகள். மேல் பீலியில் தண்ணீர் வருகிறதா, பிள்ளைத்தாச்சி மலையில் கவ்வாத்து முடிந்ததா, இந்த வருடம் திருவிழாவுக்குக் கரகம் எடுத்தது யார், நான் நட்ட கொய்யா காய்க்கிறதா. அங்கேயும் மலைதான், அங்கேயும் கொழுந்துதான், பேச்சும் தமிழ்தான். ஆனாலும் கடைசிக் கடிதம்வரை அத்தை மேல் பீலியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

1977இல் தோட்டக் காணிகள் கைமாறப்போவதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில், டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற தோட்டத்து இளைஞன் துப்பாக்கிச் சூட்டில் செத்தான். அவன் பேரில் ஒரு பேர்ச் (சுமார் 272 சதுர அடி) காணிகூட இருக்கவில்லை. 1969இல் மவுஸ்ஸாகலை அணை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. வறட்சி காலத்தில் தண்ணீர் இறங்கிப் பழைய கோயில் தலைகாட்டினால் சனம் திரண்டு போய்ப் பார்க்கிறது. 2023இல், 200 வருடங்களுக்கு முன்பு வந்தவர்கள் காடு வழியாக நடந்து செத்து விழுந்த பாதையை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, தங்கள் பத்திரிகையே அதைப் படத்தோடு போட்டதே. அதெல்லாம் பற்று இல்லாமல் நடந்ததா?

பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள், உண்மைதான். 10க்கு 12 அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பினால் யார்தான் போகாமல் இருப்பார்கள்? மழை பெருத்தால் மேலே மலை நிற்குமா என்று விழித்திருக்க வேண்டும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறக்கவில்லை. வீடு கட்டக் காணி கேட்டால் 7 பேர்ச் என்றார்கள். அந்த 7 பேர்ச்சும் உறுதிப் பத்திரத்தோடு கைக்கு வராமல் காத்திருக்கும் குடும்பங்களை எனக்கே தெரியும். போகிற பிள்ளை லயத்தின் நெருக்கடியிலிருந்து போகிறது. தீபாவளிக்கு முந்தின இரவு கொழும்புப் புறக்கோட்டையில் ஹட்டன் பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தைக் கட்டுரையாளர் ஒரு தரம் பார்த்திருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

எங்களுக்கு ஓர் இடம் உண்டு என்பதை வெளியில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை. லயத்துக்கு வீட்டிலக்கம் கிடையாது, தெருப் பேர் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஒபிஸுக்குத்தான் வரும். என்னிடம் படித்த கெட்டிக்காரப் பையன் ஒருவனின் நேர்முகத் தேர்வுக் கடிதம் அங்கேயே கிடந்து, தேதி கடந்த பிறகு அவன் கைக்கு வந்தது. அரசாங்க வேலைக்கு வந்த கடிதம் ஐயா. இப்போது அவன் கொழும்பில் மூட்டை தூக்குகிறான். அவனையும் தங்கள் கட்டுரையாளர் ஓடிப்போனவர்களில்தான் சேர்ப்பார்.

ஒரே ஒரு காரியம் கேட்டு முடிக்கிறேன். போன வருடம் எங்கள் அம்மா காலமானபோது தங்கள் பத்திரிகையில் மரண அறிவித்தல் கொடுத்தோம். தோட்டத்தின் பேர், மேற்கணக்கு என்ற பிரிவு, இரண்டையும் தெளிவாக எழுதிக் கொடுத்தோம். அச்சில் வந்தது ஹட்டனைப் பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்டவர் என்று. அம்மா ஹட்டனில் ஒரு நாளும் வசித்ததில்லை. மாதத்துக்கு ஒரு தரம் சாமான் வாங்கப் போவார், அவ்வளவுதான். அதே பக்கத்தில் யாழ்ப்பாணத்து அறிவித்தல்களில் ஊர், குறிச்சி, ஒழுங்கை வரைக்கும் இருந்தது. இருக்கட்டும், அதுதான் முறை. அம்மாவை அறிந்த பணியக்கணக்குப் பிரிவு ஆட்களே அறிவித்தலைப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ என்று நினைத்து இழவுக்கு வராமல் இருந்துவிட்டார்கள். விளம்பரப் பிரிவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். இடம் போதாததால் பக்கத்து நகரத்தின் பேரைப் போட்டார்களாம்.

இனிமேல் தோட்டத்திலிருந்து வரும் அறிவித்தல்களில் குடும்பத்தார் எழுதிக் கொடுக்கிற தோட்டத்தின் பேரையும் பிரிவையும் அப்படியே போடும்படி அவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு வரி கூடினால் அதற்கான காசைக் கொடுத்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியை,
பொகவந்தலாவை.