டிக்கெட் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்: பாடகர் சொல்லும் விலையை மட்டும் வாங்குங்கள்

அமெரிக்காவில் இசை நிகழ்ச்சிகளுக்கு டிக்கெட் விற்கும் நிறுவனத்தாருக்கும், அரங்கங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

போன வாரம் என் மகள் ஒரு சின்ன ஆல்டர்னேட்டிவ் ராக் குழுவின் நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தாள். கல்லூரியில் படித்துக்கொண்டே சனி, ஞாயிறுகளில் கடையில் நின்று சம்பாதித்த காசு. குழு அறிவித்த விலைக்கு அது போதும். கட்டணங்களைச் சேர்த்துக் கேட்ட தொகைக்குப் போதவில்லை. டிக்கெட் விலையில் பாதிக்கு மேல் கட்டணமே இருந்தது. நான் தருகிறேன் என்றேன். "இவ்வளவு கொடுத்து வேண்டாம்ப்பா" என்று எழுந்து போய்விட்டாள். விற்றது எந்த நிறுவனம் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் எல்லோரிடமும்தான் பேச வேண்டியிருக்கிறது.

மொத்தத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்று 2025 மே மாதம் ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற அரசு வணிகக் கண்காணிப்பு அமைப்பின் விதி நடைமுறைக்கு வந்தது. நல்ல விதி. ஆனால் எவ்வளவு கட்டணம் வாங்கலாம் என்று அது வரம்பு எதுவும் வைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் வந்த அதிர்ச்சி இப்போது முதல் பக்கத்திலேயே வருகிறது, அவ்வளவுதான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. பாடகர் ஒரு விலை சொன்னால், ரசிகர் அந்த விலையைக் கட்டி உள்ளே போக வேண்டும்.

இதை உங்களிடம் உரக்கக் கேட்டவர்களில் ஒருவர் 'தி க்யூர்' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித். 2023 மார்ச்சில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வட அமெரிக்கப் பயணத்துக்கு அவர் 20 டாலரிலிருந்து டிக்கெட் வைத்தார். கூட்டத்தைப் பார்த்து விலையை ஏற்றும் டைனமிக் பிரைசிங் வேண்டாம், நல்ல இருக்கைகளைக் கூடுதல் விலைக்கு விற்கும் பிளாட்டினம் டிக்கெட் வேண்டாம் என்று மறுத்தார். அப்புறம் ரசிகர்கள் வெளியிட்ட ரசீதுகளில் ஒன்று இன்னும் என் கண்ணில் நிற்கிறது. நான்கு டிக்கெட், ஒன்று 20 டாலர், ஆக 80. சேவைக் கட்டணம் தலைக்கு 11.65. அரங்கக் கட்டணம் தலைக்கு 10. ஆர்டரைப் பதிவு செய்ய 5.50. கட்டணம் மட்டும் 92 டாலர் 10 சென்ட். பாட்டுக்கு 80 டாலர், டிக்கெட் வாங்கியதற்கு அதைவிட அதிகம்!

ஸ்மித் கொதித்துப்போனார். இந்தக் கட்டணங்களைக் கட்டுப்படுத்தக் கலைஞனுக்கு வழியே இல்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். கடைசியில் அந்த டிக்கெட்டுகளை விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் மிகக் குறைந்த விலை டிக்கெட்டுக்கு 10 டாலரும் மற்றவற்றுக்கு 5 டாலரும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. திருப்பித் தர முடிகிற பணத்தை முதலில் ஏன் வாங்க வேண்டும்? அன்றைக்கு எழுந்த இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

சும்மா விளம்பரத்துக்காகப் பேசுகிறவர் இல்லை அவர். இருண்ட, சோகமான ராக் இசையான கோத்திக் ராக் என்றாலே உலகம் அவருடைய கலைந்த தலைமுடியைத்தான் நினைக்கிறது, அவருக்கோ அந்த முத்திரை பிடிக்காது. லண்டனுக்குத் தெற்கே கிராலி என்ற ஊரில் வளர்ந்து, பள்ளி நண்பர்களோடு குழு தொடங்கி, 1979-இல் முதல் ஆல்பம் வெளியிட்டார். அதே ஆண்டு 'சூக்ஸி அண்ட் தி பான்ஷீஸ்' குழுவுக்கு முன்னால் வாசிக்கும் குழுவாக ஊர் ஊராகப் போனபோது, அந்தக் குழுவின் கிதார் கலைஞரும் டிரம்மரும் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பாதியில் விட்டுவிட்டுப் போனார்கள். மிச்சப் பயணத்தில் ஸ்மித் முதலில் தன் குழுவோடு வாசித்தார், பிறகு திரும்ப மேடையேறி பான்ஷீஸ் குழுவுக்கும் கிதார் வாசித்தார். ஒரே இரவில் இரண்டு கச்சேரி! 2013-இல் மெக்சிகோ நகரத்தில், தன் பிறந்தநாளன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் 50 பாட்டு. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு 2024 நவம்பரில் புது ஆல்பம் வந்த அன்று லண்டன் டிராக்ஸி அரங்கில் மூன்று மணி நேரக் கச்சேரி, யூடியூபில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி. டிக்கெட் வாங்கியவனுக்குக் கொடுத்த காசுக்கு மேலேயே தர வேண்டும் என்று நாற்பது வருஷத்துக்கு மேலாக நினைக்கிற மனிதர். அந்த மனிதர் வைத்த விலைக்கு மேல்தான் நீங்கள் 92 டாலர் ஏற்றினீர்கள்.

கட்டணத்தில் பெரும்பகுதி அரங்கங்களுக்குப் போகிறது, எங்களுக்கு இல்லை என்பீர்கள். சரி, போகட்டும். அரங்கத்துக்கும் செலவு உண்டு, உங்கள் ஊழியர்களுக்கும் சம்பளம் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை. அந்தப் பங்கைக் கலைஞரோடு பேசி முடித்து டிக்கெட் விலைக்குள்ளேயே வையுங்கள். அவர் 20 டாலர் என்றால் அது கட்டுப்படியாகாது என்று அவரிடமே நேராகச் சொல்லுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் ரசிகரிடம் வசூலிக்காதீர்கள்.

மறுவிற்பனையைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே பயணத்தில் டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்ற முடியாதபடி ஸ்மித் ஏற்பாடு செய்தார். நியூயார்க், இல்லினாய், கொலராடோ மாநிலங்களில் மட்டும் சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அப்படியும் பதுக்கல்காரர்கள் வாங்கியதாகத் தெரிந்த ஏறக்குறைய 7,000 டிக்கெட்டுகள் ரத்தாயின. மனம் வைத்தால் கண்டுபிடிக்க முடிகிறது என்பதுதானே இதற்குப் பொருள்? அப்படியிருக்க, எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு உண்மையான ரசிகர் வரிசையில் காத்திருக்கும்போதே அதே இருக்கை மும்மடங்கு விலைக்கு மறுவிற்பனைக்கு வருகிறது. அந்த விற்பனையிலும் கட்டணம் வாங்குகிறீர்கள். ஒரு டிக்கெட்டை இரண்டு முறை விற்று இரண்டு முறையும் சம்பாதிக்கிறவருக்குப் பதுக்கலை ஒழிப்பதில் அக்கறை எங்கிருந்து வரும்?

கோபத்தில் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்மித் போலப் பெயர் பெற்றவர் கத்தினால் 10 டாலராவது திரும்பி வருகிறது. என் மகள் பார்க்க நினைத்த குழுவில் நாலு பிள்ளைகள், ஒரு பழைய வேன். அவர்கள் கேட்டால் உங்கள் காதில் விழுமா? அவர்களுக்கும் சேர்த்தே பணிவோடு கேட்கிறேன். பாடகர் சொல்லும் விலையே ரசிகர் கட்டும் விலையாக இருக்கட்டும். அடுத்த கோடைக்கான விற்பனை தொடங்கும் முன் இதைச் செய்யுங்கள். முடியாது என்றால், ஒவ்வொரு கட்டணமும் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதை ரசீதிலேயே அச்சிட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு ரசிகன்